உப்பளத்து ரோட்டில் நின்ற வேன்

நேற்று விம்கோ நகரில் ஒரு பழைய லாரியின் அடியிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சூடான நாற்றம் மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

முன்பு அதே நாற்றம் அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு விடிகாலையில் தம்பிக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்து மீன் ஏற்றிக்கொண்டிருந்த வேனில், நைனா எங்களை எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் டாக்டரிடம் கூட்டிப் போனார். உப்பளங்களுக்கு நடுவே ஒரு கல் அடித்து இன்ஜினின் அடிப்பாகம் ஓட்டையானது. ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டிவிட்டது. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை.

நைனா ஓட்டையில் சவுக்காரக் கட்டியைத் திணித்து அடைத்தார்.

"ரெண்டு மைலுதான்யா, அப்டியே ஓட்டு!" என்று அம்மா கத்தினாள்.

"ஆயில் இல்லாம ஓட்னா இஞ்சினு ஜாமாயிடும். அப்பால சோத்துக்கு இன்னா பண்றது? வாங்கிகினு ஓடியாந்துட்றேன்."

அவர் ஆயில் டின்னோடு திரும்பியபோது உச்சி வெயில். தம்பியின் மூச்சு எப்போதோ நின்றிருந்தது.

நைனா ஆயிலை ஊற்றினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. அம்மா இறங்கி, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் நடந்தாள். நைனா வண்டியைத் திருப்பி, அவள் பின்னாலேயே மெல்ல ஓட்டி வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வேன் இன்னும் ஆறு வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மா அதில் ஏறவே இல்லை.