ஏழு நாற்பத்தைந்து

வாப்பா கொண்டுவந்த மெமோ இங்கிலீஷில் இருந்தது. எங்கள் தாராவி வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்பர்நாத்தில் ஒரு சாயக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிகக் கூலி அவர். அந்த மாதம் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வரவேண்டியது.

"என்னல எழுதியிருக்கு?"

மூன்று நாள் தாமதம், அதனால் லிஸ்டில் பெயர் இல்லை என்று எழுதியிருந்தது. ஷிப்ட் ஏழு ஐம்பதுக்கு. மூன்று நாளும் அவர் வருகைக் கார்டில் விழுந்திருந்தது ஒரே நேரம்: ஏழு ஐம்பத்தைந்து. அது எனக்கு உறுத்தியது.

"எப்ப கார்டு போட்டீங்க வாப்பா?"

"வழக்கமான டிரெயின்தான். கார்டு போட்டுட்டு உள்ள போயி சட்ட மாத்தும்போதுதான் சங்கே ஊதிச்சு."

"டைம்கீப்பர்ட்ட சொல்லலியா?"

"நீ செஞ்ச மிசினுல்லா, அது தப்பா சொல்லுமா? சங்கு ஊதுதவன்தான் தூங்கியிருப்பான்னு நெனச்சேன்."

அந்தக் கார்டு மிஷின் நான் வேலை பார்த்த செம்பூர் ஷெட்டில் செய்தது. அதிலுள்ள கடிகாரச் சிப்பிலிருந்து நேரத்தைப் படிக்கும் புரோகிராம் நான் எழுதியது. ஓர் இலக்கத்தைக் கேட்டால் சிப் உடனே தராது. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரம் பொறுக்க வேண்டும். பிராசஸரைச் சும்மா எண்ண வைத்து அந்தப் பொறுமையை உண்டாக்கியிருந்தேன். சிப்பின் புத்தகம் கேட்டதற்கு மேல் ஓர் எண்ணிக்கைகூடக் கூட்டவில்லை. பிறகு லாமிங்டன் ரோட்டுக் கடைகளில், பிராசஸரின் வேகத்தை முடிவு செய்யும் பழைய கிரிஸ்டல் கிடைக்காமல் இரண்டு மடங்கு வேகமானதை வாங்கிவந்தார்கள். போடலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். வேகம் நல்லதுதானே என்றேன்.

மறுநாள் ஷெட்டில் கடிகாரத்தை ஏழு நாற்பத்தைந்துக்குத் திருப்பி ஒரு கார்டைச் செருகினேன். ஐம்பத்தைந்து என்று தாமதத்துக்கான சிவப்பில் விழுந்தது. பிராசஸர் வேகமாக எண்ணி முடித்துவிட்டு, சிப் நாலைத் தருவதற்குள், கடைசி இலக்கமாக முன்பு படித்த ஐந்தையே இன்னொரு தடவை எடுத்துக்கொண்டது. நாற்பத்து மூன்றுக்கு வந்தவனுக்கு முப்பத்து மூன்று விழுந்தது. சீக்கிரம் வந்ததாகக் காட்டினால் யார் புகார் சொல்வார்கள்? நாற்பத்தாறு அறுபத்தாறாகும். அப்படி ஒரு நிமிஷம் கிடையாது என்பதால் புரோகிராம் சற்றுப் பொறுத்து மறுபடி சரியாகப் படித்துக்கொள்ளும். ஷிப்டுக்கு முந்தின பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொள்ள நாற்பத்தைந்து என்ற அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. வாப்பாவின் டிரெயினும் நடையும் அவரை அங்கேதான் கொண்டுபோய் விட்டன.

எண்ணிக்கையை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் லேட்டில்ல."

"இல்ல வாப்பா. நான் வந்து மேனேஜர்ட்ட சொல்லுதேன். லிஸ்ட்ல சேத்துருவாங்க."

"உன்ன என்ன பண்ணுவாங்க?"

ஷெட்டில் என் வேலை போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும்.

"எனக்கு இன்னும் எத்தன வருசம் ஓடும்? வாய மூடிட்டுப் போயி மிசின சரி பண்ணு."

நான் வாயை மூடிக்கொண்டேன். சர்வீஸ் என்று சொல்லி அம்பர்நாத் போய், திருத்திய புரோகிராம் உள்ள சிப்பை மாற்றிப் போட்டேன். மறுநாள் காலை ஏழு நாற்பத்தைந்துக்கு அங்கேயே ஒரு கார்டைச் செருகினேன். நாற்பத்தைந்து என்று கறுப்பில் விழுந்தது.

பக்கத்தில் கார்டுகள் செருகும் சட்டத்தில் வாப்பாவின் கார்டு இருந்தது. ஏழு இருபத்திரண்டு. மெமோ வந்ததிலிருந்து முந்தின டிரெயினைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். நான் சரி செய்தேன் என்று சொன்ன பிறகும், தற்காலிகக் கூலியாகவே வேலையை விடும்வரை, அந்த டிரெயினை அவர் மாற்றவில்லை.