சாய்பிரசாத்தின் வியூகம்

கம்ப்யூட்டரில் கேம் ஆடியே பிழைக்கப் போகிறேன் என்று விசிட்டிங் கார்டு அடித்தவன் மதுரையில் ஒருத்தன்தான், வில்லாபுரம் சாய்பிரசாத். 'புரொபஷனல் பிளேயர்' என்று முன்பக்கம் தங்க எழுத்து மின்னும். பின்பக்கத்தில் அவன் அப்பா வெங்கடரமணனின் சுங்குடிச் சேலைக் கடை விளம்பரம். அச்சுக்கூலி கொடுத்தவர் அவரல்லவா.

இரண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் கோரிப்பாளையத்தில் இஜாஸ் பாய் நடத்திய பிரவுசிங் சென்டர்தான் அவனுக்குத் தலைநகரம். மரம் வெட்டி, கோட்டை கட்டி, படை திரட்டி எதிரி ஊரைக் கொளுத்துகிற ஆட்டம். அணிக்கு இரண்டு பேர். அவனுக்கு ஜோடி அவன் சித்தப்பா மகன் கார்த்திகேஷ். நாங்கள் எத்தனையோ பேர் மோதிப் பார்த்தோம், ஒருத்தரும் ஜெயித்ததில்லை. "மாப்ள, இதுக்கெல்லாம் மூளை வேணும்டா" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திரிப்பான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அந்த மூளையின் சங்கதி இதுதான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் கத்திக்கொள்வார்கள். எந்தப் பக்கம் அடிக்கப் போகிறார்கள், எங்கே காவல் இல்லை, எல்லாம் எங்கள் காதுபடவே. எங்களுக்கு ஒரு எழவும் புரியாது. நாங்கள் தமிழில் "வடக்கே வாரேன்டா" என்று முனகினாலே போதும், வடக்கே அவன் படை நிற்கும். இதற்கு அவன் வைத்த பெயர் வியூகம். அவன் அப்பா கடையில் தினமும் நடப்பதுதான் இது. சேலை பார்க்க வந்தவர் முகத்துக்கு நேராகவே, எந்த விலைவரை இறங்கலாம் என்று வீட்டுப் பாஷையில் சொல்லிவிட்டு, "ஒங்களுக்காகத்தான்க்கா இந்த விலை" என்று தமிழில் சிரிப்பார்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில் பெரிய போட்டி வந்தது. ஜெயித்த அணியைச் சென்னைக் கம்பெனி ஒன்று சம்பளம் போட்டு ஆடக் கூப்பிடுமாம். வெங்கடரமணன் கறாராகச் சொல்லிவிட்டார். ஜெயித்தால் சென்னை, தோற்றால் மறுநாளே கடையில் உட்கார வேண்டும். சாய்பிரசாத் சிரித்தான். போட்டிக்கு முதல்நாளே வில்லாபுரம் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது: 'சென்னை செல்லும் வியூக வேந்தே!' பக்கத்தில் ஒரு சிங்கம். சிங்கத்தின் முகத்தில் அவனைவிடக் கொஞ்சம் அடக்கம் தெரிந்தது.

கடைசி ஆட்டத்தில் எதிரே இஜாஸ் பாய். அவருடைய ஜோடிக்கு அம்மை போட்டுவிட்டதால் தங்கச்சி ரூபினாவைக் கூட்டி வந்திருந்தார். பிரவுசிங் சென்டர் வாசலில் மேசை போட்டு டோக்கன் கொடுப்பவள் அவள்தான். சுவிட்ச் போர்டைக் கவனிக்கிற அளவுக்குத்தான் சாய்பிரசாத் அவளைக் கவனித்திருந்தான்.

"என்ன பாய், வேற ஆளே கெடைக்கலையா?"

"இருக்குற ஆளத்தான தம்பி கூட்டியார முடியும்."

ஆட்டம் தொடங்கியது. சாய்பிரசாத் என்னவோ கத்தினான். அவன் குதிரைப்படை கிழக்கு வாசலுக்குப் போனது, அங்கே ரூபினாவின் ஈட்டிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மறுபடி கத்தினான். படை காட்டுப் பக்கம் திரும்பியது, அங்கேயும் அவள் ஆட்கள். பதற்றத்தில் அவன் சத்தம் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் போய்க் காதில் சொல்லலாம் என்று இரண்டு மேதைகளுக்கும் கடைசிவரை தோன்றவே இல்லை. கோட்டை பற்றி எரிந்தது.

ரூபினா எழுந்து வந்து அவன் பாஷையிலேயே ஏதோ சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. என்ன சொன்னாள் என்று இஜாஸ் பாயிடம் கேட்டேன்.

"'கத்தாம ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க'ன்னு சொல்லுது. சின்னதுல மகால் பக்கம் அவங்க ஆளுக வீட்டு மாடியிலதான் குடியிருந்தோம். எனக்கு அரைகுறை. இதுக்குப் பேச்சு வந்ததே அந்தப் பாஷையிலதான்."

மறுநாள் சாய்பிரசாத் கடைக்குப் போனான். சிங்கம் மழை வரும்வரை சுவரில் இருந்தது.

அடுத்த ரம்ஜானுக்கு முன்னால், அக்காவுக்குச் சேலை எடுக்க நான் அந்தக் கடையில் இருந்தபோது ரூபினா வந்தாள். கையில் சேலையை விரித்துப் பிடித்திருந்த சாய்பிரசாத் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவள் ஒரு சேலையை எடுத்துக் காட்டியதும் வெங்கடரமணன் வழக்கம்போல மகன் பக்கம் திரும்பி வீட்டுப் பாஷையில் ஒரு வரி சொல்லிவிட்டு, தமிழில் வாயெல்லாம் பல்லாக ஒரு விலை சொன்னார். ரூபினா நிதானமாக வேறொரு விலை கேட்டாள். அவர் சிரிப்பு நின்றுபோனது. மகனிடம் சற்று முன் சொன்ன அதே விலைதான் போல.

சாய்பிரசாத் அவள் கேட்ட சேலையை மடித்துப் பையில் போட்டான். பிறகு, என் காதில் தேன் பாயும்படி சொன்னான்:

"அப்பா, இனிமே தமிழ்லயே பேசுங்க."