தேவகி மாற்றச் சொன்ன வார்த்தை

தேவகி போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து முகம் கழுவியவள், நெஞ்சு வலிக்கிறது என்று தரையில் படுத்தாளாம். ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது...

முகத்துவாரக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். அழுது முடித்தாகிவிட்டது. சும்மா உட்கார முடியவில்லை.

இதைப் படிக்கிற பல பேருக்கு அவளைத் தெரியாது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பில்லிங். அவள் கேட்டில், வண்டிகளுக்கு பாஸ் போடுகிற வேலை. இரண்டு பேருமே தமிழ் மீடியம், பிளஸ் டூ.

யார்டு கை மாறியதும் எல்லாம் இனி இங்கிலீஷில்தான் என்று சொல்லிவிட்டார்கள். கேட் இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு டெஸ்ட் வேறு.

அதற்காக எண்ணூரிலிருந்து வருகிற கம்பெனி வேனில் பிராக்டீஸ் ஆரம்பித்தோம். அவள் போனில் ஒரு ஆப். வாக்கியத்தின் நடுவில் ஒரு கோடு, கீழே 'இன்', 'ஆன்', 'அட்' என்கிற மாதிரி நாலு வார்த்தை. சரியானதைத் தொட வேண்டும். டிரெய்லர் க்யூவில் வேன் நின்றுவிட்டால் வேறு என்ன வேலை...

ஒரு நாள் 'அவள் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்திருக்கிறாள்' என்பதற்கு 'மேரீட் வித்' என்று தொட்டாள். சிவப்பு காட்டியது. 'மேரீட் டு'வாம்.

“அந்தாளு கூடத்தானமே குடும்பம் நடத்துறேன்?” என்று கேட்டாள். அவள் கணவர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள். “பாதி நாளு கடல்லதான் கீறாரு. 'வித்' எங்க... 'டு'வே போடு.”

வேனே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அந்த விபத்து. கிரேன் இறக்கும்போது ஒரு கன்டெய்னர் சாய்ந்து, தனசேகர் அண்ணன் கால் மாட்டிக்கொண்டது. கன்டெய்னரை வண்டியோடு பிடித்திருக்கிற லாக்கைக் கழற்றுகிற வேலை அவருக்கு. கேட் ஜன்னலிலிருந்து தேவகி பார்த்திருந்தாள். அதனால் ரிப்போர்ட்டில் சாட்சியாக அவள் கையெழுத்து வேண்டும்.

சூப்பர்வைசர் டைப் பண்ணிக் கொண்டு வந்தார். அவள் விரல் வைத்து, வார்த்தை வார்த்தையாக, வாய்க்குள்ளேயே படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னாமே, 'அண்டர்'னா அடியிலதான?”

ஆமாம் என்றேன்.

“அவரு அடியில நிக்கலமே. சைடுல நின்னுகினு இருந்தாரு.”

தொங்குகிற கன்டெய்னருக்கு அடியில் போய் நின்றால் அது ஆளோட தப்பு. கம்பெனி பணம் தராது. அது எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

சின்ன வார்த்தைதானே, ஹெட் ஆபீஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், போடுங்கள் மேடம் என்றார் சூப்பர்வைசர்.

“சின்ன வார்த்தைதான் சார். மாத்தி எடுத்துனு வாங்க, போடறேன்.”

சத்தம் போடவில்லை. சாப்பிடவும் போகவில்லை. பேப்பரைத் திருப்பி அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு பாஸ் போட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் வந்து பேசினார். அப்பவும் அதேதான். ஷிப்ட் முடிகிற நேரத்தில் 'பிசைட்' என்று மாற்றிக் கொண்டு வந்தார்கள். ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தனசேகர் அண்ணனுக்குப் பணம் வந்தது. கால் பழையபடி வரவில்லை.

இவளைப் பின் கேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஃபேன் கிடையாது, நாள் முழுக்கப் புழுதி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

டெஸ்ட்டும் எழுதினாள். பாஸ் ஆகவில்லை. அடுத்த வருஷமும் எழுதினாள்... ஆகவில்லை.

“வுடுமே, டயர்டா கீது” என்றாள். ஆனாலும் மறுநாள் வேனில் போனை எடுத்தாள். கடைசி மாதங்களில் கேள்வியைப் படிக்கும்போதே தூங்கிவிடுவாள். போன் கீழே விழாமல் நான் பிடித்துக்கொள்வேன்.

தனசேகர் அண்ணன் எனக்கு முன்னாடியே வந்துவிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு கதவோரமாகவே நிற்கிறார். சேர் போட்டாலும் உட்காரவில்லை.

மதியம் எடுக்கிறார்கள். கணவர் இப்போதுதான் கரைக்கு வந்திருக்கிறார். உள்ளே சத்தம் கேட்கிறது. நான் போகிறேன்...

தேவகி, நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டமே. படுத்துக்கோ.