பீளமேட்டு வீட்டு மோட்டார்

பதினேழு வயதில் பைக் திருடி மாட்டிக்கொண்டேன். சிறார் நீதி வாரியம், வீட்டிலிருந்தபடியே ஆறு மாதம் தொழில் பழகும்படி சிங்காநல்லூரில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்கு என்னை அனுப்பியது.

ஐந்தாவது மாதம், பழுது பார்த்த மோட்டாரை மாட்டிவரச் சொல்லிப் பட்டறைக்கார அக்கா என்னைப் பீளமேட்டுக்கு அனுப்பினார். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். நான் திருடிய பைக் அவருடையது. போலீஸ் ஸ்டேஷனில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மோட்டாரை மாட்டினேன். தொட்டியில் தண்ணீர் ஏறியது. பேசாமல் கிளம்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, உங்க பைக்கை எடுத்தது நான்தானுங்க."

அவர் என்னையே பார்த்தார். "எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அது. ரெண்டு மாசம் பஸ்ஸுல அலைஞ்சோம்" என்றார்.

"தப்புப் பண்ணிப்போட்டேனுங்க" என்றேன்.

குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, "செரி, போயிட்டு வா" என்றார்.

ஆறு மாதம் முடிந்தும் பட்டறையிலேயே தங்கிவிட்டேன். ஒருநாள் போன் பேசிவிட்டு வந்த அக்கா, "பீளமேட்டுக்காரரோட தங்கச்சி ஊட்டுல மோட்டார் ஓடலையாம். உன்னையே அனுப்பச் சொல்றாரு, கண்ணு" என்றார்.

முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.