இறங்கிய முள்

என் மேசைக்கு மேலே, காற்றின் அழுத்தம் பார்க்கும் பித்தளைக் கருவி ஒன்று தொங்குகிறது. வானம் வெளுத்தால் அதன் முள் ஏறும். புயல் வந்தால் இறங்கும். தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது எனக்குக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அப்புத்தளை மலைமுகட்டுக்குத் தெற்கே, இரண்டு மைல் கீழே இருந்த தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கணக்கெழுதும் கிளாக்கர். துரையின் பங்களாவுக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவே இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் உறவில்லை. என்னிடம் நின்று பேசியவர், தினமும் முகட்டுக்கு ஏறித் தோட்டத்துத் தபாலை எடுத்து வரும் தபால்காரர் ஒருவர்தான். பிள்ளைப்பேற்றுக்காகத் திருச்சிக்குப் போயிருந்த என் மனைவியிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதமில்லை. "நாளைக்கு வந்துருங்கய்யா" என்று நான் கேட்குமுன்பே சொல்வார். அன்று அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது.

அந்தக் கார்த்திகையில் இரண்டு நாள் வடக்கிலிருந்து பேய்க்காற்று. முகடு மறைத்ததால் எங்களுக்குச் சில கூரைத் தகரங்களோடு போயிற்று. மூன்றாம் நாள் காலை சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது.

"காத்து நின்னு போச்சுங்கய்யா. ஓடிப் போயி தபால எடுத்துக்கிட்டு வந்துறவா?" என்று தபால்காரர் வந்து கேட்டார்.

அப்போது ஆபீஸ் சுவரில் தொங்கிய இந்தக் கருவியின் முள் அடிமட்டத்தில் கிடந்தது. தட்டினேன், அசையவில்லை. கருவி பழுது என்று நினைத்தேன். உண்மையில், எனக்குக் கடிதம் வேண்டியிருந்தது. "போயிட்டு வா" என்றேன்.

வங்கக்கடலில் நீர் சூடேறி ஆவி எழ, நாலா பக்கத்துக் காற்றும் அங்கே ஓடிவந்து சுழல்வதுதான் புயல் என்று துரை பிறகுதான் சொன்னார். திரிகை சுற்றினாலும் நடு அச்சு அசையாதது போல, புயலின் நடுவில் மட்டும் அமைதி இருக்குமாம். அந்த நடு எங்களைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுபாதி தெற்கிலிருந்து வந்தது. தெற்கில் எங்களுக்கு மறைப்பே கிடையாது. மேல் லயத்தின் கூரை முழுதாகப் பறந்தது. சவுக்கு மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு மலைச்சரிவு தேயிலையோடு வழிந்து போனது.

முகட்டில் இருந்த தபால் கந்தோரில், தெற்கே இருட்டுகிறது, நில் என்று தடுத்தார்களாம். "ஐயா பாத்துக்கிட்டே இருப்பாரு" என்று கிளம்பினாராம். மறுநாள் குறுக்குப் பாதையில், விழுந்த மரத்தின் அடியில் அவரைக் கண்டோம். பூட்டிய பையைக் கம்பளியில் சுற்றி வயிற்றோடு அணைத்திருந்தார். சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. எனக்குக் கடிதமும் இல்லை.

பத்து நாள் கழித்து என் மனைவியின் கடிதம் வேறொருவர் கையில் வந்தது. ஆண் குழந்தை, இருவரும் நலம், அவ்வளவுதான். அதைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நேற்றும் முள் இறங்கியது. காற்று ஓய்ந்த நேரத்தில் கதவைத் திறந்து, ஆளில்லாத பாதையைப் பார்த்து, "முள்ளு இன்னும் ஏறலப்பா, போகாத" என்றேன்.