டி12-க்குக் கீழே ஓர் ஊர்

எங்கள் விவசாயிகள் சங்க அலுவலகக் கணினியில், எக்செல் தாளின் ஓரத்தில் பச்சையாக ஒரு பட்டன் இருந்தது. வலங்கைமான் பக்கத்து ஊர்களுக்கு அறுவடை மிஷின்களைப் பங்கிட, செயலாளர் அக்கா தானே எழுதிய மேக்ரோ, அதாவது குட்டி நிரல், அது. அமுக்கினால் போதும், வீண் அலைச்சல் இல்லாமல் எந்த ஊருக்கு எத்தனை மிஷின் அனுப்பலாம் என்று சொல்லிவிடும். அக்காவுக்கு அதில் என்ன பெருமை என்கிறீர்கள்! யார் வந்தாலும் காபிக்கு முன்னால் பட்டனைத்தான் காட்டுவார்.

டெல்டாவில் ஊர்ப் பட்டியல் என்றால் வாய்க்கால் ஓடுகிற வரிசைதான். தலைமடை ஊர் மேலே, கடைமடை ஊர் கீழே; எழுதுகிற கை தானாக அப்படிப் போகும். அந்த சம்பா அறுவடையின்போது சங்கத்தில் புதிதாக ஓர் ஊர் சேர்ந்தது. வாய்க்காலின் நடுவில் உள்ள ஊர் என்பதால் பட்டியலின் நடுவில் ஒரு வரியை நுழைத்து, பட்டனை அமுக்கினோம். மிஷின்கள் கிளம்பின.

மறுநாள் கடைமடைப் பெரியவர் போனில் அழைத்தார். “அம்மா, மேகம் கருக்குதுங்க. நெல்லு சாஞ்சு கெடக்கு. எங்க ஊருக்கு மிஷின் எப்பங்க வரும்?”

அக்கா தாளைப் பார்த்தார். பெரியவரின் ஊருக்கு நேரே வெறுங்கட்டம். நடுவில் ஒரு வரி நுழைந்தால் தாளில் உள்ள சூத்திரங்கள் தாமே நகர்ந்துகொள்ளும். மேக்ரோவுக்குள் எழுதிவைத்த கட்ட முகவரி நகராது. அதில் ‘டி2 முதல் டி12 வரை’ என்றே இருந்தது. கடைமடை ஊரோ பதிமூன்றாம் வரிக்கு இறங்கியிருந்தது. ஒரு மழை போதும், அந்த ஊரின் நெல் முளைத்துவிடும்.

“அடக் கடவுளே! தண்ணிதான் அவங்களுக்குக் கடைசின்னா, மிஷினுக்கும் இந்தக் கதியா?” என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. ஊர்ப் பெயர் உள்ள கடைசி வரியை மேக்ரோவே தேடி, அதுவரை உள்ள கட்டங்களை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். மறுபடி அமுக்கியதும் வெறுங்கட்டத்தில் எண் விழுந்தது. உடனே மிஷின் டிரைவர்களைப் போனில் அழைத்து, கடைமடையில் தொடங்கி மேலே ஏறி வரச் சொன்னார்.

“தலைமடைக்காரங்க சண்டைக்கு வருவாங்கக்கா” என்றேன்.

“வரட்டுமே. தண்ணி அவங்களுக்கு முதல்ல போனப்ப கடைமடைக்காரங்க சண்டைக்கா போனாங்க?”

மழைக்கு முன்பே அறுவடை முடிந்தது. இன்று நானே மேக்ரோ எழுதுகிறேன். கடைசி வரியைச் சரிபார்க்காமல் எழுந்ததில்லை. அந்த அறுவடை முடிந்த அன்று சாயங்காலம் பெரியவர் மறுபடி அழைத்தார்.

“நெல்லு கரையேறிடுச்சும்மா. எங்க ஊருக்கு ஒண்ணு முதல்ல வந்து நான் பாத்ததே இல்லைங்க.”

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். “இன்னொரு தடவை சொல்லுங்கய்யா” என்றார்.