நைனாவின் டீசல் துணி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நைனாவைத் திட்டாமல் ஒரு நாள் போனதாக எனக்கு நினைவில்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போடுவார், திட்டுவேன். சர்க்கரை மாத்திரையை மறப்பார், அதற்கும் திட்டுவேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, வட்டியோடு திருப்பிக் கொடுப்பார். அம்மா போன பிறகு திருவொற்றியூர் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். இந்தச் சண்டையும் இல்லையென்றால் டிவி சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

நைனா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் சாலையில் அந்த வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். நிற்கும் நேரத்தில் டிரைவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பழைய பனியன் துணியை டீசலில் நனைத்து வண்டியைத் துடைப்பார்கள். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. டீசல் தடவாத இரும்பை உப்புக்காற்று சீக்கிரமே அரித்துவிடும். நைனா பம்பரில் தொடங்கி முன்விளக்கில் முடிப்பார். அந்த லாரிகளுக்கு விளக்கின் முகப்பு கண்ணாடி. டீசல் துணியால் நாலு தேய்ப்பு தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போடுகிறாயா என்று கூட இருப்பவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவும் நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவோம். அத்தனை வண்டிகளில் நைனாவின் வண்டியைத் தேடி அலைந்ததே இல்லை. எது சுத்தமாக இருக்கிறதோ அதுதான். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து சாப்பிட்ட புளிச்சோறு மாதிரி இன்றுவரை நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

மணலியில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து, சில வருஷம் கழித்து ஒரு பழைய கார் வாங்கினேன். வெள்ளை நிறம். வாங்கியபோது கதவைத் திறந்து உட்கார்ந்துகூடப் பார்க்காமல் நைனா நேராக முன்பக்கம் போய் விளக்கைத்தான் பார்த்தார். மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு தினமும் அதுதான். நான் உள்ளே தலை சீவிக்கொண்டிருப்பேன், வாசலில் கீச் கீச்சென்று துணி தேய்க்கும் சத்தம் கேட்கும். சீக்கிரம் முடியுங்கள், நேரமாகிறது என்று உள்ளேயிருந்தே கத்துவேன். சீக்கிரம் எழுந்தால் நேரமாகாது என்று அவர் பதில் கொடுப்பார். அதெல்லாம் எவ்வளவு நல்ல காலைகள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் டீசலில்தான் துடைக்கிறார் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. டீசல் வாசத்திலேயே வளர்ந்தவள் நான். நைனா பக்கத்தில் வந்தால் அடிக்கும் வாசம் அது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மெல்ல மெல்ல விளக்குகள் மங்கின. முதலில் லேசான மஞ்சள், பிறகு மேலே பால் ஆடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை. மணலிப் புகையும் வெயிலும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மழைநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, முன்னால் நின்றிருந்த டிரெய்லர் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு பாலிஷ் கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் விளக்கை விரலால் தடவி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னாமா, டீசல் போட்டு தொடச்சிகினு இருந்தீங்களா? இது கண்ணாடி இல்லமா, பிளாஸ்டிக்கு. யாரு பண்ண வேல இது?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சுவரோரம் சுற்றி வைத்திருந்த பாலிஷ் மெஷின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் வண்டியோடு குடித்தனம் நடத்திய மனிதர். ஊரான் ஒருவன் முன்னால் அவர் தலை குனிவதை என்னால் பார்க்க முடியாது.

"நான்தாண்ணே" என்றேன்.

கடைக்காரர் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். டீசல் பட்ட இடம் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மறுபடி அதே துணியால் தேய்த்தால் கோடு கோடாக விழுமாம். வெயில் தாக்காமலிருக்க மேலே அடித்திருக்கும் பூச்சும் போய்விடுமாம். ஷாம்பு கலந்த தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியில் ஒற்றி, மாதம் ஒரு தடவை மெழுகு பூச வேண்டுமாம். பேசிக்கொண்டே ஈர உப்புத்தாளால் தேய்த்தார், மெஷின் வைத்து பாலிஷ் போட்டார், கடைசியில் ஒரு புதுப் பூச்சு அடித்தார். விளக்கு கண்ணாடியைப் போலத் தெளிந்துவிட்டது. அத்தனையையும் நைனா நின்று கேட்டார். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் நான் வீட்டுக்குக் காரை ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை வாசலில் சத்தம் இல்லை. நைனா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். சரி, பாவம், புரிந்துகொண்டார் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஷாம்பு தண்ணீர், மெழுகு எல்லாம் என் தலையில். துடைக்கும்போதெல்லாம் பழைய காலைகள் ஞாபகம் வரும். நைனா ஜன்னல் வழியாகப் பார்ப்பார், வெளியே வர மாட்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். ஷாம்பு தண்ணீரில்தானே துடைக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாத வேலையா, ஏன் வண்டிப் பக்கமே வருவதில்லை என்று. கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அன்னிக்கு கடையில நீ என்னைத் திட்டுவேன்னு பாத்துகினே இருந்தேன். வூட்டுக்கு வந்தாவது திட்டுவேன்னு நெனச்சேன். நீ திட்டவே இல்ல. அப்பதாம்மா எனக்கு வயசாயிட்சின்னு தெரிஞ்சுது."